அத்தை பாஸ் செய்த நாய்க்குட்டி

என் மாமியார் பால் பாக்கெட்டைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்காமல் வாங்கமாட்டார். வெளிச்சத்தில் பார்த்தால் பாலில் என்ன தெரியும் என்று கேட்டால், "தெரியாமலா பாக்கறேன்?" என்பார். முட்டை வாங்கினால் ஒவ்வொன்றையும் காதோரம் வைத்து ஆட்டுவார். வீட்டுக்குப் புதிதாக யாராவது வந்தால், முகத்தைப் பார்ப்பதற்கு முன் வாசலில் கழற்றிப் போட்ட செருப்பைப் பார்ப்பார். நான் கழுவிக் கவிழ்த்த டம்ளர்களை ஜன்னல் பக்கமாகத் திருப்பிப் பார்த்து, அதில் ஒன்றை மட்டும் பொறுக்கி, ஒரு வார்த்தை பேசாமல் மறுபடி கழுவும் தொட்டியில் வைப்பார். பேசினாலாவது பதிலுக்கு நானும் பேசலாம். பேசாதவரோடு எப்படிச் சண்டை போடுவது?

அவரைச் சொல்லிக் குற்றமில்லை, செய்த வேலை அப்படி. ஆடைத் தொழிற்சாலையில் முப்பது வருடத்துக்கு மேல் கடைசி செக்கிங் மேசையில் நின்றவர். தைத்து முடித்த சட்டை அவர் கையைத் தாண்டினால்தான் மடிப்பவர்களிடம் போகும், பெட்டிக்குள் போகும், கப்பல் ஏறும். அவர் வேலைக்குப் போக ஆரம்பித்தபோது என் கணவர் கைக்குழந்தை. மாமனார் அதற்கு முன்பே ஒரு காய்ச்சலில் போய்விட்டார். நூல் வெட்டும் பெண்ணாகச் சேர்ந்தவரைக் கண்ணின் கூர்மைக்காக செக்கிங்குக்கு மாற்றினார்கள். கூட வேலை செய்த பெண்கள் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர் வைத்தார்கள். முதுகுக்குப் பின்னால்தான் அப்படிச் சொல்வார்கள். அவருக்கு அது தெரியும், உள்ளூரப் பெருமையும் உண்டு.

செக்கிங்குக்கு ஒரு வரிசை இருக்கிறதாம். முதலில் காலர், அப்புறம் தோள், கை, பக்கத் தையல், கீழ் ஓரம். பிறகு உள்பக்கத்தை வெளியே திருப்பி மறுபடி காலரிலிருந்து. இந்த வரிசை மாறவே கூடாது. மாறினால் கண் குழம்பிவிடும், குழம்பினால் குறை தப்பிவிடும் என்பார். இன்னொரு விதியும் உண்டு. ஒரு சட்டையைத் திருப்பி அனுப்பினால் எந்த இடத்தில் என்ன குறை என்று வாய்விட்டுச் சொல்லித்தான் அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் தைக்கிறவள் எதைச் சரிசெய்வாள்?

ஒரு தடவை ஒரு மேலாளர், வாசலில் வண்டி காத்துக்கொண்டு நிற்கிறது, பொத்தான் துளை கொஞ்சம் பிசிறடித்தால் என்ன, பாஸ் போட்டு அனுப்புங்கள் என்று கத்தினாராம். அத்தை கைகளைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். அவரைக் கழிவுத்துணி அறைக்கு மாற்றிவிட்டு, வேறு ஆளை வைத்துச் சட்டைகளை அனுப்பினார்கள். கழிவுத்துணித் தூசியில் பல மாதம் இருமியபடி வேலை பார்த்தார். பிறகு அந்த மேலாளர் வேறெங்கோ போன பின்புதான் மேசைக்குத் திரும்பினார். அந்தச் சட்டைகள் எங்கே போயின, யார் போட்டார்கள், என்ன ஆயின என்று யாருக்கும் தெரியாது. அத்தைக்கு அதைப் பற்றிக் கவலையும் இல்லை. அவர் கையால் போகவில்லை, அவ்வளவுதான் அவருக்கு வேண்டும்.

"என் கையால ஒரு மோசமான பீஸ் வெளிய போனதில்ல." கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இதை நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவருக்குச் சொந்த வீடு கிடையாது, பெட்டியில் நகை கிடையாது. இந்த ஒரு வாக்கியம்தான் அவர் சேர்த்த சொத்து. அதில் யாராவது கை வைத்தால் மனுஷி தாங்கமாட்டார் என்று எனக்கு அப்போதே தெரியும்.

எங்கள் மகள் வெளியூருக்குப் படிக்கப் போன பிறகு வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. என்னைவிட அவளுடைய அப்பாதான் அதிகம் ஒடிந்து போனார். சாப்பாட்டுத் தட்டைப் போட்டுவிட்டு அவள் அறையை எட்டிப் பார்ப்பார். நாற்பதைத் தாண்டிய மனிதர் ஒருநாள் திடீரென்று நாய்க்குட்டி வேண்டுமென்று அடம்பிடிக்க ஆரம்பித்தார். சின்ன வயதில் கேட்டபோது கிடைக்கவில்லையாம். "இப்பவாவது வாங்கித் தாம்மா" என்று அம்மாவிடம் போய் நின்றதைப் பார்த்து நான் சிரித்தேன். அத்தை சிரிக்கவில்லை.

"வாங்கலாம்டா. ஆனா நான் பாத்துத்தான் வாங்கணும்."

கடைத்தெரு முனையில், செல்போன் பழுது பார்க்கும் கடைக்குப் பக்கத்தில், புதிதாக ஒரு செல்லப்பிராணிக் கடை வந்திருந்தது. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. கண்ணாடிக்குப் பின்னால் காகிதத் துணுக்குகளைக் கொட்டி, அதன் மேல் குட்டிகளை விட்டிருந்தார்கள். தெருவில் போகிறவர்கள் நின்று விரலால் கண்ணாடியைத் தட்டிவிட்டுப் போவார்கள். கதவைத் திறந்ததும் குப்பென்று ரோஜா மணம் அடிக்கும். அந்த மணமே எனக்குப் பிடிக்கவில்லை. நான் வேலை பார்ப்பது ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில். நாங்களும் அங்கே இப்படித்தான் வாசனை அடிக்கிறோம், எதை மறைக்க அடிக்கிறோம் என்றும் எனக்குத் தெரியும்.

கடைக்காரர் பல் தெரியச் சிரிக்கிற மனிதர். "வாங்கம்மா, வாங்க சார். எல்லாம் வீட்ல வளர்ந்த குட்டிங்க. நம்ம நண்பர் வீட்ல போட்டது."

"எந்த நண்பர்?" என்றார் அத்தை.

"ஊருக்கு வெளிய இருக்காரும்மா."

"வெளியன்னா எங்க?"

"கொஞ்சம் தூரம்மா" என்று சொல்லிவிட்டு அவர் ஒரு பழுப்புக் குட்டியைத் தூக்கி என் கணவர் கையில் வைத்துவிட்டார். கையில் வைத்துவிட்டால் பாதி வியாபாரம் முடிந்தது என்று அவருக்குத் தெரியாதா? என் கணவர் முகம் அப்போதே குழைந்துவிட்டது.

அத்தை அதை வாங்கி மேசை மேல் நிறுத்தினார். போகும் வழியிலேயே ஒரு வரிசை போட்டு வைத்திருந்தார் போலிருக்கிறது. மூக்கு, கண், காது, வாய், வயிறு, நான்கு கால், கடைசியில் வாலைத் தூக்கி அடிப்பக்கம். சட்டையைப் புரட்டுகிற அதே கைகள். குட்டி திகைத்துப்போய் நின்றது.

"கண்ணு ஓரத்துல பீளை. காதுக்குள்ள நாத்தம். வேணாம்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டார்.

தெருவில் இறங்கியதும் நான் கேட்டேன். "வேணாம்னு மட்டும் சொல்லிட்டு வர வேண்டியதுதானே அத்தை? எதுக்கு அந்த ஆளுகிட்ட காரணமெல்லாம் சொல்றீங்க?"

"காரணம் சொல்லாம திருப்பி அனுப்புனா அவன் எப்படிச் சரி பண்ணுவான்?" என்றார். அதில் அவருக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. உலகத்தில் அவர் சந்தேகப்படாத விஷயம் என்று ஒன்று இருந்தால் அது அவருடைய செக்கிங்தான்.

அடுத்த வாரம் போனபோது, "உங்களுக்காகவே புதுசா வரவழைச்சிருக்கேம்மா" என்று நீல ரிப்பன் கட்டிய ஒரு குட்டியைக் காட்டினார். கண் சுத்தம், காது சுத்தம். அத்தை வயிற்றில் விரலால் சுண்டினார். வயிறு உப்பிப் போய் டம்டம் என்றது. "உள்ள பூச்சி. வேணாம்." அதற்கடுத்த தடவை வயிறும் ஒட்டியிருந்தது. அத்தை தலை முதல் வால் வரை பார்த்தார், மறுபடி பார்த்தார், எதுவும் அகப்படவில்லை. அப்போதுதான் யாரோ எங்கேயோ சொல்லி அவர் காதில் விழுந்த ஒன்று ஞாபகத்துக்கு வந்தது.

"இதோட அம்மாவ நான் பாக்கணும்."

கடைக்காரரின் சிரிப்பு ஒரு கணம் நின்று, மறுபடி வந்தது. "அதுக்கென்னம்மா, அடுத்த வாரம் வரவழைச்சுடறேன்."

எனக்கு அடக்க முடியவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன். "அம்மா நாய் என்ன சினிமா நடிகையா, வரவழைக்கறதுக்கு? குட்டி இங்க இருக்கு, அம்மா எங்கயோ இருக்குன்னா என்ன அர்த்தம்?" என் கணவர் "சும்மா இரு" என்றார். அவருக்கு எப்படியாவது குட்டி வந்தால் போதும். அத்தை, "பாத்தாதானே தெரியும்?" என்றார்.

நான்காம் தடவை அம்மா வந்திருந்தது. கல்லாவுக்குப் பின்னால் மடித்துப் போட்ட சாக்கின் மேல் படுத்திருந்தது. பழுப்பு நிறம், தொங்கிப்போன அடிவயிறு, சத்தமே போடாத சாதுவான நாய். "இதான்ம்மா ராணி" என்று சொல்லி, கடைக்காரர் பழுப்புக் குட்டியைப் பக்கத்தில் விட்டார். அத்தை ராணியை ஒரு பார்வை பார்த்தார். பிறகு குட்டியைத் தூக்கி வரிசையைத் தொடங்கினார். மூக்கு, கண், காது, வாய். ஒரு குறையும் இல்லை. கீழே இறக்கி விட்டுவிட்டு ஒரே வார்த்தை சொன்னார்.

"பாஸ்."

என் கணவர் அந்த இடத்திலேயே குதித்திருப்பார், நான் பக்கத்தில் இருந்ததால் குதிக்கவில்லை. கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டு, "உங்க மாதிரி ஒருத்தர் பாஸ் பண்றதுதாம்மா எங்களுக்கு சர்டிபிகேட்" என்றார். அத்தை வெட்கப்பட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

குட்டிக்குப் பட்டன் என்று பெயர் வைத்தார் என் கணவர். வீடு மறுபடி கலகலவென்று ஆகிவிட்டதை நான் மறுக்கமாட்டேன். அவர் வேலைவிட்டு நேரே வீட்டுக்கு வந்தார். மகள் போனில் அழைத்தால் முதலில் பட்டனைத்தான் காட்டச் சொன்னாள். அத்தையோ தெரு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார். "மூணு தடவ திருப்பி அனுப்பினேன். நான் போய்ப் போய்ச் சொன்னதுலதான் அந்த ஆளே திருந்துனான். இப்ப அந்தக் கடையில கண்ண மூடிக்கிட்டு வாங்கலாம்." கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற மனுஷி கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள்? மாடி வீட்டுக்காரர் வாங்கினார். எதிர்வீட்டு ஆசிரியை வாங்கினார். மாலையில் அத்தை அந்தப் பக்கம் நடந்து போனால், கடைக்காரர் உள்ளேயிருந்து நாற்காலி எடுத்துப் போட்டு உட்கார வைப்பாராம். புதிதாக வந்த குட்டிகளை அவரிடம் காட்டி, "இதுல என்னம்மா குறை?" என்று கேட்பாராம். அத்தையும் ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு, சம்பளமில்லாத வேலையை முடித்த திருப்தியோடு வீட்டுக்கு வருவார்.

பட்டனுக்கு ஒரு விசித்திரப் பழக்கம் இருந்தது. போர்வை ஓரம் கிடைத்தால் வாயில் வைத்துக்கொண்டு, முன்கால்களால் மாறி மாறி அழுத்தியபடி சப்பிக்கொண்டே இருக்கும். ஈரம் சொட்டும் வரை சப்பும். விலக்கினால் முனகும். "விளையாடுது" என்றார் என் கணவர். எனக்கு அது விளையாட்டாகத் தோன்றவில்லை. பசித்த பிள்ளையைப் பார்க்கிற மாதிரி இருந்தது. கொஞ்ச நாளில் இருமல் ஆரம்பித்தது. பிறகு கழிச்சல். ஒருநாள் காலையில் தண்ணீர்க் கிண்ணத்தின் பக்கத்தில் துவண்டு கிடந்தது. என் கணவர் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓட, நானும் அத்தையும் பின்னாலேயே ஓடினோம்.

கால்நடை மருத்துவர் ஒரு பெண். ஊசி போட்டு, பட்டனைக் கம்பளியில் சுற்றிவிட்டு நிமிர்ந்தார். "பால் குடிக்கற வயசுலயே அம்மாகிட்டருந்து பிரிச்சுக் கூண்டுல போட்ட குட்டி இது. அதான் துணியச் சப்புது. ஒடம்புல எதிர்ப்புச் சக்தியே இல்ல. எங்க வாங்கினீங்க?"

என் கணவர் சொன்னார். டாக்டர் தலையை மட்டும் ஆட்டினார். அந்தக் கடையிலிருந்து எங்களுக்கு முன்னாலும் பலர் வந்திருக்கிறார்கள் என்று அந்த ஆட்டலிலேயே தெரிந்தது.

"அதெல்லாம் இல்ல டாக்டர்" என்றார் அத்தை. "அம்மாவ நான் கண்ணால பாத்தேன்."

"பாத்தீங்களா? குட்டி அதுகிட்ட பால் குடிச்சதப் பாத்தீங்களா?"

அத்தை கம்பளியை விலக்கி மறுபடி பட்டனின் கண்ணையும் காதையும் பார்த்தார். பட்டன் பிழைத்துக்கொண்டது. இருமல் மட்டும் விடவில்லை. இனி அது அப்படியேதான் இருக்கும், குளிர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். வெளியே வந்ததும் அத்தை, "மருந்து விக்கறதுக்கு எதையாவது சொல்லி வைக்கறாங்க" என்றார். ஆனால் அதைச் சொன்ன குரலில் வழக்கமான கூர் இல்லை.

எனக்கு விஷயம் முழுதாகப் புரிய ஆரம்பித்தது அடுத்த வாரம்தான். எங்கள் பல் மருத்துவமனைக்குக் கன்னம் வீங்கி ஒரு பெண் வந்தார். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருப்பவர். வாயைத் திறக்க முடியாத வலியிலும் என்னைப் பார்த்ததும் பேசிவிட்டார்.

"உங்க மாமியார் பாஸ் பண்ண கடைன்னு சொல்லித்தாங்க போனோம். ஒரு வாரம்கூட இருக்கல, செத்துப்போச்சு. என் பொண்ணு ரெண்டு நாளாச் சாப்பிடல."

"எங்க மாமியாரா வந்து சொன்னாங்க?"

"கடைக்காரர்தான் சொன்னார். அம்மா நாயக்கூடக் காட்டினாங்களே. பழுப்பு நாய், சாதுவா படுத்திருந்துது. எங்க குட்டி வெள்ளை, சுருட்டை முடி. அப்பா ஜாதி வேறன்னு சொன்னாங்க, நாங்களும் நம்பிட்டோம்."

வரிசையில் அடுத்த ஆள் காத்துக்கொண்டிருந்தார். நான் எழுதிக்கொண்டிருந்த எழுத்து பாதியில் நின்றுவிட்டது.

அத்தையிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. இந்த மாமியாரை ஒருமுறையாவது தப்பு செய்தவராகப் பார்க்க வேண்டுமென்று டம்ளர் கழுவும்போதெல்லாம் நினைத்தவள்தான் நான். வாய்ப்பு கைக்கு வந்தபோது, அது எனக்கு வேண்டாததாக இருந்தது. ஆனாலும் சொல்லாமல் விடவும் முடியாது, தெருவில் இன்னும் எத்தனை பேர் அந்தக் கடைக்குப் போவார்களோ. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், கேட்டதைக் கேட்டபடி சொன்னேன்.

அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உனக்கு என்னைக் கீழ எறக்கணும். ரொம்ப நாளா காத்துக்கிட்டிருந்த."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஆமா, காத்துக்கிட்டுத்தான் இருந்தேன். அதுக்காகச் செத்துப்போன குட்டிய வச்சாப் பொய் சொல்லுவேன்? என்னை நம்ப வேணாம், வாங்க. உங்க கண்ணால பாருங்க."

"பாக்கறேன்" என்று எழுந்துவிட்டார்.

சனிக்கிழமை மாலை என்பதால் கடையில் கூட்டம். நாய் உணவு மூட்டைகளை அடுக்கியிருந்த அலமாரிக்கு இந்தப் பக்கம் நாங்கள் நின்றோம். அந்தப் பக்கம் ஒரு கணவனும் மனைவியும், கையில் வெள்ளைக் குட்டியை அணைத்தபடி அவர்களுடைய சின்ன மகளும். கடைக்காரர் எங்களைப் பார்க்கவில்லை. அவர் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது.

"மூக்கத் தொட்டுப் பாருங்க சார், ஈரமா இருக்கா? கண்ணு ஓரம் பாருங்க, பீளை இருக்கக் கூடாது. காதுக்குள்ள மோந்து பாருங்க. வாயத் தெறந்து ஈறு பாருங்க. வயித்துல சுண்டிப் பாருங்க, டம்முனு கேட்டா பூச்சி. காலு நாலும் பாருங்க. வாலத் தூக்கிப் பாருங்க."

எழுத்துக்கு எழுத்து அத்தையின் வரிசை. நான் அவர் கையைப் பார்த்தேன். இடுப்போரம் தொங்கிய அந்தக் கை, கடைக்காரர் சொல்லச் சொல்ல, இல்லாத ஒரு குட்டியைத் தொட்டுக்கொண்டே போனது. வால் வந்ததும் நின்றது.

"அம்மாவப் பாக்கணும்னு கேட்டீங்களே, இதோ" என்றார் கடைக்காரர். சங்கிலிச் சத்தம். அலமாரி இடுக்கு வழியாக ராணியைப் பார்த்தோம். அதே பழுப்பு, அதே தொங்கிய வயிறு. வெள்ளைக் குட்டியைப் பக்கத்தில் விட்டபோது அது முகத்தைக்கூடத் திருப்பவில்லை. கடைக்காரரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தது.

"சந்தேகமே வேணாம் சார். நம்ம பக்கத்துத் தெருவுல ஒரு அம்மா இருக்காங்க, முப்பது வருஷம் செக்கிங்ல இருந்தவங்க. அவங்க கண்ணுல இருந்து ஊசிகூடத் தப்பாது. அவங்களே இங்கதான் வாங்குனாங்க."

அத்தை என் பக்கம் திரும்பினார். முகத்தில் ஈயாடவில்லை. "அன்னைக்கும் இது குட்டிய மோந்து பாக்கல" என்றார் மெல்ல. "நான் பாத்தேன். பாத்துட்டு, மூக்கு கண்ணுன்னு என் வரிசைக்குப் போயிட்டேன். அது என் வரிசையில இல்ல."

நான் கையைப் பிடித்து, "வாங்க, போயிடலாம்" என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன். அவர் கையை உருவிக்கொண்டு அலமாரியைச் சுற்றிப் போய் அவர்கள் நடுவில் நின்றார்.

கடைக்காரர் முகம் மலர்ந்தது. "உங்களுக்கு ஆயுசு நூறும்மா! இப்பத்தான் உங்களப் பத்திச் சொல்லிட்டிருந்தேன். சார், இவங்கதான் அவங்க." ஓடிப்போய் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார்.

அத்தை உட்காரவில்லை. "ஆமா, அது நான்தான்" என்றார் அந்தக் கணவன் மனைவியிடம். "நான் பாஸ் பண்ண குட்டி வீட்ல இருமிக்கிட்டுக் கெடக்கு. பக்கத்துத் தெருவுல ஒண்ணு செத்துப்போச்சு. எனக்கும் இதே நாயத்தான் அம்மான்னு காட்டுனாங்க. என் குட்டி பழுப்பு, உங்க குட்டி வெள்ளை." நாற்காலியைத் தள்ளி வைத்தார். "நான் கோட்டை விட்டுட்டேன்."

அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து கேட்கத்தான் இத்தனை வருடம் ஆசைப்பட்டேன். கேட்டபோது எனக்கு அழுகை வந்தது.

கடைக்காரர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலாம். மனம் புண்பட்ட மனிதராக அத்தையைப் பார்த்தார். "என்னம்மா இப்படிச் சொல்லிட்டீங்க? நீங்க சொன்னதுல ஒண்ணு விடாம செஞ்சேனே. காதுன்னீங்க, கழுவுனேன். வயிறுன்னீங்க, மருந்து குடுத்தேன். அதே குட்டியத்தான் சரி பண்ணிச் சரி பண்ணிக் காட்டுனேன். அம்மா வேணும்னீங்க, உங்களுக்காகத்தான் ராணியக் கொண்டுவந்தேன். அதுக்கு முன்னாடி எங்ககிட்ட ஏது அம்மா?"

கடையில் இருந்த எல்லோரும் கேட்டார்கள். தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே புரிந்ததா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்.

அந்தக் கணவன் குழம்பிப்போய் நின்றார். "அப்ப எதப் பாத்துதாங்க வாங்கறது?"

அவர்கள் மகள் வெள்ளைக் குட்டியை மறுபடி தூக்கி அணைத்துக்கொண்டதை அத்தை பார்த்தார். "குட்டியப் பாக்காதீங்க" என்றார். "குட்டிய யார் வேணா கழுவி வச்சிடலாம். பொறந்த எடத்துக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க. அங்க அம்மாவும் குட்டிங்களும் ஒண்ணா இருக்கறதப் பாருங்க. கூட்டிட்டுப் போகமாட்டேன்னா, இந்தப் பக்கமே வராதீங்க."

"கூட்டிட்டுப் போவீங்களா?" என்று அவர் கடைக்காரரைக் கேட்டார்.

"அது ரொம்பத் தூரம் சார்."

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மனைவி குனிந்து, மகள் கையிலிருந்து குட்டியை வாங்கப் பார்த்தார். குழந்தை குட்டியை இறுக்கிக்கொண்டு, கடையே திரும்பிப் பார்க்கும்படி வீறிட்டது. இழுத்தார்கள், கெஞ்சினார்கள், பொம்மை வாங்கித் தருவதாகச் சொன்னார்கள். பிறகு அந்தக் கணவன் அத்தையின் முகத்தைப் பார்க்காமல் பர்ஸை எடுத்தார். வெள்ளைக் குட்டி ஓர் அட்டைப்பெட்டியில் எங்கள் முன்னாலேயே வெளியே போனது.

திரும்பி நடக்கும்போது அத்தை பாதி வழியில் நின்றுவிட்டார். ஒரு மூடிய கடையின் படியில் உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். பல வருடம் ஒரே வீட்டில் இருந்தும் நாங்கள் இப்படி ஒட்டி உட்கார்ந்ததில்லை.

"ஏம்மா, அந்த ஃபேக்டரியிலயும் இப்படித்தான் இருந்திருக்குமோ?"

"எப்படி அத்தை?"

"நான் எங்க பாப்பேன்னு தெரிஞ்சு, அந்த எடத்த மட்டும் நல்லாத் தைச்சு அனுப்பியிருப்பாங்களோ? நான் பாக்காத எடத்துல எல்லாம் எப்படியோ விட்டிருப்பாங்களோ? நான் பாஸ் பண்ணதெல்லாம்..." தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

எனக்கு அந்தக் கடைக்காரன் மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. நாய்க்குட்டி விற்றதோடு நின்றானா? இந்த மனுஷியின் முப்பது வருடத்தையும் அல்லவா சந்தேகத்தில் தள்ளிவிட்டான்!

"அது வேற, இது வேற அத்தை" என்றேன். "சட்டைய எப்படித் திருப்பினாலும் அது சட்டைதான். சட்டைக்கு அம்மா கெடையாது."

அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். டம்ளரைப் பார்க்கிற பார்வைதான். "என்னைத் தேத்தறதுக்காகச் சொல்ற."

"ஆமா" என்றேன்.

"சரி, இருக்கட்டும்" என்று என் தோளைப் பிடித்து எழுந்தார்.

அடுத்த சனிக்கிழமை அத்தை வீட்டிலிருந்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். கடைக்கு எதிரே நடைபாதையில் போட்டு உட்கார்ந்தார். குட்டி பார்க்க வருகிறவர்களைக் கூப்பிட்டுச் சொல்ல ஆரம்பித்தார். கேட்டுவிட்டுத் திரும்பிப் போகிறவர்கள் சிலர். கேட்காத மாதிரி உள்ளே போகிறவர்கள் பலர். கடைக்காரர் இப்போதெல்லாம் செக்கிங் அம்மா கதையைச் சொல்வதில்லை. அந்த அம்மாவுக்குக் கொஞ்ச நாளாக மனசு சரியில்லை, கண்டுகொள்ளாதீர்கள் என்று சொல்கிறாராம். தெருவிலும் அது பரவிவிட்டது. மாடி வீட்டுக்காரர் என்னிடமே, "உங்க மாமியாருக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். சேர்த்து வைத்த பெயரெல்லாம் போய்விட்டது. என் கணவர் அழாத குறையாக, "விட்டுடும்மா" என்று கெஞ்சிப் பார்த்தார்.

அவர் விடவில்லை. நேற்று வேலை முடிந்து நான் அந்த வழியாக வந்தேன். இளவயதுப் பெண்கள் இரண்டு பேர் கண்ணாடி முன்னால் நின்று குட்டிகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அத்தை கையைத் தட்டிக் கூப்பிட்டார். அவர்கள் தயங்கித் தயங்கி வந்தார்கள். அதில் ஒருத்தி, "நீங்க யாருங்க?" என்று கேட்டாள்.

"இந்தக் கடையில குட்டியப் பாத்து கோட்டை விட்டவ" என்றார் என் மாமியார். "கொஞ்சம் இப்படி வா, எப்படி விட்டேன்னு சொல்றேன்."